ரேண்டால் பார்க் மால்: அமேசான் வருமுன்பே முடிந்துபோன கதை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லண்ட் நகருக்குத் தென்கிழக்கே நார்த் ரேண்டால் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஒரு சதுர மைல்கூட இல்லாத பரப்பு, சுமார் ஆயிரம் பேர். 1976 ஆகஸ்டில் அங்கே திறந்த ரேண்டால் பார்க் மாலை, உலகிலேயே பெரிய ஷாப்பிங் மால் என்று அன்றைக்கு விளம்பரம் செய்தார்கள். 2009-ல் மூடினார்கள். 2014 கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். 2018-ல் அதே மனையில் அமேசானின் கிடங்கு திறந்தது.

இந்த நான்கு ஆண்டுகளை வரிசையாகச் சொன்னாலே போதும், கேட்பவர் மனதில் ஒரு கதை தானாக உருவாகிவிடும்: ஆன்லைன் வியாபாரம் வந்தது, மாலைச் சாகடித்தது, அது கிடந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது, தேதிகள்தான் ஒத்துவரவில்லை. மாலின் பெரிய கடைகளில் ஜேசிபென்னி 2001-ல் போய்விட்டது, டில்லார்ட்ஸ் 2002-ல். அப்போது அமெரிக்கச் சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான் இருந்தது. ஒரு முழு ஆண்டை லாபத்தில் முடிப்பதே அமேசானுக்கு 2003-ல்தான் வாய்த்தது. மால் மூடிய 2009-ல்கூட ஆன்லைனின் பங்கு 4 சதவீதத்தைச் சுற்றித்தான். ஆகவே வீழ்ச்சிக்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். மாலைக் கட்டிய விதம், கட்டிய வட்டாரம், கையெழுத்தான குத்தகைப் பத்திரங்கள் ஆகிய மூன்றிலும் அது முதலிலிருந்தே இருந்தது என்பது என் கணிப்பு.

கூரைக்கு அடியில் ஒரு கடைத்தெரு

முழுக்கக் கூரை போட்டு, குளிரூட்டி, கடைகளை உள்பக்கம் பார்க்க வைத்த புறநகர் மாலுக்கு முன்னோடி மினசோட்டா மாநிலத்தின் ஈடினாவில் 1956 அக்டோபரில் திறந்த சவுத்டேல். வடிவமைத்தவர் வியன்னாவிலிருந்து 1938-ல் அமெரிக்கா வந்து சேர்ந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூன். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வருடம் முழுக்க 24 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலை. நடுவே ஒரு பெரிய முற்றம், செடிகள், பறவைக் கூண்டு. காரிலேயே வாழப் பழகிவிட்ட புறநகர் மக்களுக்கு நடந்து திரியவும் நாலு பேரைப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் மாலைச் சுற்றி வரவேண்டும் என்றுகூடத் திட்டமிட்டார். வந்தது கார் நிறுத்தும் மைதானம்தான். கடைசிக் காலத்தில் குரூன் தன் பெயரை மால்களோடு சேர்த்துப் பேசுவதையே வெறுத்தார்.

அவர் வெறுத்தாலும் முதலீட்டாளர்களுக்கு அந்த வடிவம் மிகவும் பிடித்துப்போனது. அதற்கு ஒரு காரணம் வரிச் சட்டம். 1954-ல் வந்த மாற்றத்தால், வணிகத்துக்காகப் புதிதாகக் கட்டும் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாக எழுதிக்கொள்ள முடிந்தது. மால் உண்மையில் லாபம் பார்த்தாலும் கணக்கில் நட்டம் காட்டலாம். அந்த நட்டத்தை வேறு வருமானத்திலிருந்து கழித்து, அதன் மீதான வரியையும் குறைத்துக்கொள்ளலாம். பழைய கடைத்தெருவில் ஒரு கட்டடத்தைப் பழுதுபார்ப்பதைவிட, ஊருக்கு வெளியே வயல்வெளியில் புதிதாகக் கட்டுவது லாபம் என்றாகிவிட்டது. 1956-ல் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைச் சட்டமும் வந்து, அந்த வயல்வெளிக்கு ஆறு வழிச் சாலை போட்டுக் கொடுத்தது. மக்கள் புறநகருக்குப் போனதால் மால் வந்தது என்பது பாதி உண்மை. கட்டினால் வரி மிச்சமாகும் என்பதால் வந்த மால்களும் ஏராளம்.

டிபார்டோலோவின் பந்தயம்

ரேண்டால் பார்க்கைக் கட்டியவர் எட்வர்ட் டிபார்டோலோ. 1909-ல் ஒஹாயோவின் எஃகு நகரமான யங்ஸ்டவுனில் பிறந்தவர். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்து, கட்டுமானத்தில் இறங்கி, சாலையோரக் கடை வரிசைகளில் தொடங்கி, நாட்டின் மிகப் பெரிய மால் அதிபர்களில் ஒருவராக வளர்ந்தார். மாலுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது விளையாட்டும் குதிரைப் பந்தயமும். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணி அவருடையதாக இருந்தது. நார்த் ரேண்டாலில் இருக்கும் திசில்டவுன் பந்தயத் திடலும் அவருடையதுதான்.

நார்த் ரேண்டாலே பந்தயத்தால் பேர் வாங்கிய ஊர். சாலைக்கு ஒரு பக்கம் திசில்டவுன், மறு பக்கம் ரேண்டால் பார்க் என்ற பழைய வண்டிப் பந்தயத் திடல். அந்தப் பழைய திடலின் மேல்தான் மால் எழுந்தது. இடத்தேர்வைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் பக்கத்திலேயே சந்திக்கின்றன. மனை ஒரே துண்டாகக் கிடைத்தது. தடுக்கும் அளவுக்கு ஊரில் ஆட்களும் கிடையாது.

அளவைச் சொல்ல வேண்டும். வாடகைக்கு விடக்கூடிய பரப்பு மட்டும் சுமார் 22 லட்சம் சதுர அடி, அதாவது 50 ஏக்கர். ஐந்து டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள்: சியர்ஸ், ஜேசிபென்னி, மே கம்பெனி, ஹிக்பீஸ், ஹார்ன்ஸ். இவற்றை இணைக்கும் இரண்டு மாடி நடைபாதையில் சுமார் 200 சிறு கடைகள். அதுவரை ஒரு மாலுக்கு இரண்டு அல்லது மூன்று பெரிய கடைகள் என்பதுதான் வழக்கம். ஐந்தை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்ததை அன்றைக்குச் சாதனையாகப் பேசினார்கள். எனக்கு அது பேராசையாகத்தான் தெரிகிறது. ஐந்து என்றால், பின்னால் போகக்கூடிய கடைகளும் ஐந்து என்று அர்த்தம்.

ஊருக்கோ தலைகால் புரியவில்லை. நார்த் ரேண்டாலின் அதிகாரபூர்வ முத்திரையிலேயே இரண்டு ஷாப்பிங் பைகளைப் பொறித்துக்கொண்டார்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் கெட்டியான கணக்கு ஒன்று உண்டு. ஒஹாயோவில் நகராட்சிகள் சம்பளத்தின் மீது வருமான வரி போடலாம். அந்த வரி முதலில் போய்ச் சேர்வது வேலை செய்யும் ஊருக்கு. ஆயிரம் பேர் வாழும் ஊரில் சில ஆயிரம் பேர் வேலைக்கு வந்தால், குடியிருப்பவரிடம் பெரிதாக வாங்காமலே சாலை போடலாம், போலீஸ் வைத்துக்கொள்ளலாம். இந்த வரிக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரு செருப்புக் கடையின் குத்தகைப் பத்திரம்

மால் எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிந்தால்தான் எப்படி விழுகிறது என்பது விளங்கும். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை ஆங்கர் கடைகள் என்பார்கள். கூட்டத்தை இழுத்துவருவது அவைதான் என்பதால் அவற்றிடம் மால் உரிமையாளர் பெயரளவுக்குத்தான் வாடகை வாங்குவார். பல மால்களில் ஆங்கர் தன் கட்டடத்தையும் அடிமனையையும் தானே வைத்திருக்கும், வாடகை என்ற பேச்சே இருக்காது. வருமானம் முழுக்க நடைபாதையில் இருக்கும் சிறு கடைகளிடமிருந்து வரவேண்டும். சியர்ஸுக்கும் ஜேசிபென்னிக்கும் நடுவே நடப்பவர் வழியில் ஒரு ஜோடி செருப்பு வாங்குவார் இல்லையா, மாலின் மொத்தப் பொருளாதாரமும் அந்தச் செருப்பில்தான் நிற்கிறது.

ஒரு செருப்புக் கடையையே எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, விதிகள் மால் குத்தகைகளில் வழக்கமாக உள்ளவை. 1,500 சதுர அடி, சதுர அடிக்கு வருடம் 30 டாலர் வாடகை என்றால் 45,000 டாலர். அதற்கு மேல் பொதுச் செலவுப் பங்கு: நடைபாதைக்கு ஏசி, விளக்கு, துப்புரவு, காவல், பார்க்கிங்கில் பனி அள்ளுவது எல்லாம். அது ஒரு 22,500 என்று வைப்போம். விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 சதவீதம் உரிமையாளருக்குப் போகும். 45,000 என்பது 7,50,000-த்தில் 6 சதவீதம், எனவே வரம்பு அந்த 7,50,000. அந்த அளவு விற்றால் இடத்துக்கான செலவு 67,500, அதாவது விற்பனையில் 9 சதவீதம். கடை தாங்கும்.

அப்புறம் ஒரு ஆங்கர் போகிறது என்று வையுங்கள். மாலின் அந்தக் கோடிக்கு யாரும் நடந்து வருவதில்லை. செருப்பு விற்பனை 4,00,000-க்கு இறங்குகிறது. வாடகை இறங்காது. 67,500 இப்போது விற்பனையில் 17 சதவீதம் ஆகிவிட்டது. பக்கத்துக் கடைகள் இரண்டு காலியானால் நிலைமை இன்னும் மோசம். பொதுச் செலவை இருக்கிற கடைகளுக்குள் பிரிக்கும்படி பத்திரம் எழுதியிருந்தால், போனவர்களின் பங்கும் இருப்பவர்கள் தலையில் விழும். தேய்ந்துகொண்டிருக்கும் மாலில், நின்று வியாபாரம் செய்பவருக்குத்தான் பில் ஏறிக்கொண்டே போகும்.

விவரம் தெரிந்த பெரிய சங்கிலிக் கடைகள் இதற்கு முன்கூட்டியே ஒரு விதி எழுதி வாங்கிக்கொள்ளும்: இன்ன ஆங்கர் மூடினாலோ, நிரம்பிய பரப்பு இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனாலோ, நான் வாடகையைப் பாதியாக்குவேன், குறிப்பிட்ட காலத்துக்குள் சரியாகாவிட்டால் காலி செய்வேன் என்று. கடைக்கு இது நல்ல பாதுகாப்பு. மாலுக்கு இது சீட்டுக்கட்டு வீடு மாதிரி. ஒரு ஆங்கரின் முடிவு அன்றைக்கே இருபது குத்தகைகளில் வேலை செய்யத் தொடங்கும். அந்த இருபதில் சில கிளம்பினால், நிரம்பிய பரப்பு குறைந்து அடுத்த இருபதின் விதி உயிர்பெறும். வாடிக்கையாளர் கண்ணுக்கு மால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது போலத் தெரியும். பத்திரங்களில் அது படிப்படியாக, திடீர் திடீரென்று விழும்.

மக்கள் குறைய, கடைகள் கூட

குத்தகை விதிகள் எல்லா மாலுக்கும் பொது. ரேண்டால் பார்க்கைத் தனியாகக் கவனிக்க வேண்டியது அதன் வட்டாரத்தால்.

மால் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1977 செப்டம்பரில், டிபார்டோலோவின் சொந்த ஊர்ப் பக்கம் யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் என்ற எஃகு நிறுவனம் தன் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. அந்த நாளை அங்கே இன்றும் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். 1978 டிசம்பரில் கிளீவ்லண்ட் நகராட்சியே கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1950-ல் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்த கிளீவ்லண்டின் மக்கள்தொகை 1980-ல் 5.74 லட்சம், 2010-ல் 4 லட்சத்துக்கும் கீழே. நகரை விட்டுப் போனவர்கள் புறநகரில் இருந்தார்களே என்று கேட்கலாம். கிளீவ்லண்டும் அதைச் சுற்றிய புறநகர்களும் சேர்ந்த கயஹோகா கவுன்டி முழுவதையும் எடுத்தாலும் 1970-ல் 17.2 லட்சம், 2010-ல் 12.8 லட்சம். நாலில் ஒரு பங்கு போயே போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் கடைப் பரப்பு ஏறிக்கொண்டே இருந்தது. ரேண்டால் பார்க்குக்கு முன்பே செவரன்ஸ், பார்மாடவுன், ரிச்மண்ட் ஆகிய மால்கள் இருந்தன. ரிச்மண்ட் டிபார்டோலோவே கட்டியது. ரேண்டால் பார்க் திறந்த மறு ஆண்டு யூக்ளிட் ஸ்கொயர் மால் வந்தது. 1978-ல், நெடுஞ்சாலையில் சில மைல் வடக்கே, வசதியானவர்கள் வாழும் பீச்வுட்டில் பீச்வுட் பிளேஸ் வந்தது. 1990-ல் நகர மையத்தின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தை டவர் சிட்டி என்ற மாலாக மாற்றினார்கள். 1997-ல் பீச்வுட் பிளேஸ் விரிந்து நார்ட்ஸ்ட்ராம் கடையையும் சேர்த்துக்கொண்டது. 2003-ல் லிண்ட்ஹர்ஸ்ட்டில் லெகசி வில்லேஜ் திறந்தது. கூரை இல்லாமல், பழைய கடைத்தெரு போல, கடை வாசலிலேயே காரை நிறுத்தும்படி கட்டிய இடம் அது. கூரை போடுவதுதான் புதுமை என்று சொன்ன அதே தொழில் ஐம்பது வருடம் கழித்து, கூரையை எடுப்பதைப் புதுமை என்று விற்றது.

குறைந்துவரும் மக்களிடம் புதுக் கடை திறந்தால் புதுப் பணம் வராது, வேறொரு கடையின் பணம்தான் இடம் மாறும். ரேண்டால் பார்க்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் வளர்ந்தது. அதுவும் அதன் சகோதர மால்களும் சேர்ந்து நகர மையத்தின் பழைய கடைத்தெருவான யூக்ளிட் அவென்யூவைக் காலி செய்தன. அங்கே பெயர்பெற்ற ஹால்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1982-ல் மூடியது. மே கம்பெனியின் தலைமைக் கடை 1993-ல் மூடியது. அதே மே கம்பெனியின் மால் கிளைகள் அப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் பீச்வுட் ரேண்டால் பார்க்குக்குச் செய்தது, ரேண்டால் பார்க் யூக்ளிட் அவென்யூவுக்கு ஏற்கெனவே செய்ததுதான்.

நிற விஷயத்தையும் விட்டுவிட முடியாது. மாலைச் சுற்றியிருந்த வாரன்ஸ்வில் ஹைட்ஸ், பெட்ஃபர்ட் ஹைட்ஸ், மேப்பிள் ஹைட்ஸ் போன்ற ஊர்களுக்கு 1970-களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கி வந்தன. வெள்ளையர்கள் இன்னும் தள்ளி, சோலன் பக்கம் நகர்ந்தார்கள். 2000-ல் வாரன்ஸ்வில் ஹைட்ஸில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். வேலையும் சம்பளமும் உள்ள, செலவு செய்யத் தயாராக இருந்த மக்கள்தான். ஆனால் பெரிய கடைகள் பார்வையைப் பீச்வுட் பக்கம் திருப்பிக்கொண்டன. பாதுகாப்பில்லை என்ற பேச்சும் கிளம்பியது. எந்த மால் தேய்ந்தாலும் அந்தப் பேச்சு வரும், எது முதலில் வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. ரேண்டால் பார்க்கில் காலி ஷட்டர்கள் முதலில் வந்தன, பயம் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் தரமான தியேட்டர்கள் வேண்டும் என்று கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தொடங்கிய தியேட்டர் வரிசையில் ஒன்று 1999-ல் ரேண்டால் பார்க்கில் திறந்தது. கூட்டமும் வந்தது. படம் பார்க்க வருபவர் சாயங்காலத்துக்கு மேல் வந்து, படம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். 22 லட்சம் சதுர அடியைச் சுமக்க அது போதாது.

பெயர்ப் பலகைகள் மாறிய வரிசை

ஆங்கர்கள் போனது வாடிக்கையாளர் குறைந்ததால் மட்டும் இல்லை. டிபார்ட்மென்ட் ஸ்டோர் தொழிலே ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தது. ஐந்து போட்டியாளர்கள் என்று நம்பிக் கட்டிய மாலில், இருபது வருடத்தில் அந்த அளவுக்குப் போட்டியாளர்களே மிச்சமில்லை.

ஹிக்பீஸை 1988-ல் டில்லார்ட்ஸும் டிபார்டோலோவும் சேர்ந்து வாங்கினார்கள். 1992-ல் பலகை டில்லார்ட்ஸ் என்று மாறியது. மே கம்பெனி 1993-ல் காஃப்மன்ஸ் ஆனது. பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஹார்ன்ஸ் 1990-களின் முதல் பாதியில் கிளம்ப, அந்த இடத்துக்குப் பர்லிங்டன் கோட் ஃபேக்டரி என்ற தள்ளுபடிக் கடை வந்தது. மாலின் தரம் ஒரு படி இறங்கியதை அப்போதே கவனித்திருக்கலாம், ஆனால் இடம் காலியாகக் கிடப்பதைவிட மேல் என்றுதான் எந்த உரிமையாளரும் நினைப்பார். அப்புறம் நடந்தது வேகமாக: 2001-ல் ஜேசிபென்னி, 2002-ல் டில்லார்ட்ஸ். காஃப்மன்ஸின் தாய் நிறுவனமான மேயை, மேசிஸ் கடைகளை நடத்திய ஃபெடரேட்டட் குழுமம் 2005-ல் வாங்கியதால் காஃப்மன்ஸ் கடைகள் 2006-ல் மேசிஸ் ஆயின. ரேண்டால் பார்க்கின் மேசிஸ் அதிக நாள் நிற்கவில்லை.

உரிமையாளர் பக்கமும் கை தளர்ந்திருந்தது. 1988-ல் ஃபெடரேட்டட் குழுமத்தை வளைத்துப் போட்ட கனடாக்காரர் ராபர்ட் காம்போவுக்கு டிபார்டோலோ 48 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தார். 1990 ஜனவரியில் காம்போவின் சாம்ராஜ்யம் திவாலானது. 1994 டிசம்பரில் டிபார்டோலோ இறந்தார். 1996-ல் அவருடைய மால்கள் சைமன் நிறுவனத்தோடு இணைந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மால் வைத்திருக்கும் நிறுவனம், நன்றாக ஓடும் மாலில் பணம் போடும், தேய்கிற மாலை விற்கப் பார்க்கும். கட்டியவருக்கு ரேண்டால் பார்க் ஒரு பெருமை, வந்தவருக்கு அது பட்டியலில் ஒரு வரி. பிறகு சைமனின் கையை விட்டும் போனது.

2008-ன் நிதி நெருக்கடி கடைசித் தள்ளு. 2009 மார்ச்சில் மாலின் உள்நடைபாதையை மூடினார்கள். சில மாதங்களில் சியர்ஸும் மூடியது. நாட்டின் இரண்டாவது பெரிய மால் நிறுவனமான ஜெனரல் குரோத் திவால் மனு போட்டதும் அதே வருடம் ஏப்ரலில்தான்.

மூடிய பிறகு ஏன் ஐந்து வருடம்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மால் என்பது ஒரே கட்டடம். பதிவேட்டில் அப்படி இல்லை. நடைபாதையும் சிறு கடைகளும் ஒருவருக்குச் சொந்தம், ஒவ்வொரு ஆங்கர் கட்டடமும் வேறு ஒருவருக்கு. பார்க்கிங், வழி, தண்ணீர், வடிகால் ஆகியவற்றை எல்லோரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று திறக்கும்போதே ஒரு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். இன்ன இடத்தில் புதிதாக எதையும் கட்டக்கூடாது, இத்தனை கார் நிறுத்துமிடத்தைக் குறைக்கக்கூடாது என்று ஆங்கர்கள் அதில் தடை உரிமையும் வாங்கியிருக்கும். மால் ஓடும் காலத்தில் எல்லோரையும் காக்கும் ஒப்பந்தம் அது. மால் மூடிய பிறகு யாரும் எதையும் செய்ய முடியாதபடி அதே ஒப்பந்தம் கட்டிப்போடும். பெரிய கடை ஒன்று போகும்போது தன் கட்டடத்தைப் போட்டியாளருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை வைத்துவிட்டுப் போவதும் நடக்கும்.

ரேண்டால் பார்க்கில் இந்தப் பிரிவினை கண்ணுக்கே தெரிந்தது. உள்நடைபாதை இருட்டில் கிடக்க, பர்லிங்டன் மட்டும் தன் வெளிவாசல் வழியே வியாபாரத்தைத் தொடர்ந்தது. இன்னொரு ஆங்கர் கட்டடத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு கற்றுத்தரும் தொழிற்பள்ளி நடந்தது. இப்படி நாலு பக்கமும் உயிரும் நடுவில் சவமுமாக இருக்கும் சொத்தை வாங்கி என்ன செய்வது? இடிக்க வேண்டுமானால் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டாக வாங்க வேண்டும். இடிப்பதற்கே கோடிக்கணக்கில் ஆகும். அதற்குள் தட்டைக் கூரைகள் ஒழுகும், சூடேற்றாத குழாய்கள் பனிக்காலத்தில் வெடிக்கும், செம்புக் கம்பிக்காக ஆட்கள் புகுவார்கள். கட்டடத்தின் மதிப்பு இறங்க இறங்கச் சொத்து வரியும் இறங்கும். சம்பளம் வாங்க ஆளில்லாததால் ஊருக்கு வருமான வரியும் போய்விட்டது. முத்திரையில் பை இருந்தது, கஜானாவில் ஒன்றும் இல்லை.

கிடங்கு வந்த காரணம்

2014-ல் தொழில்மனைகள் உருவாக்கும் ஒரு நிறுவனம் சொத்தின் பெரும்பகுதியை ஒன்றுசேர்த்து இடிக்கத் தொடங்கியது. அமேசான் அப்போது பேச்சிலேயே இல்லை, தொழிற்பேட்டை போடுவதுதான் திட்டம். 2017 ஆகஸ்டில் அமேசான் வருவதாக அறிவித்தது, 2018-ல் 8.55 லட்சம் சதுர அடிக் கிடங்கு திறந்தது. மாநில அரசு வரிச் சலுகையும் கொடுத்தது.

அமேசானுக்கு இந்த இடம் ஏன் பிடித்தது என்பதற்கு டிபார்டோலோ சொல்லியிருக்கக்கூடிய அதே பதில்தான்: நெடுஞ்சாலைச் சந்திப்பு, ஒரே துண்டாகப் பெரிய தட்டை நிலம், போதுமான மின்சாரமும் வடிகாலும், பக்கத்தில் வேலைக்கு ஆட்கள். தற்செயலும் இல்லை. 1977-ல் திறந்த யூக்ளிட் ஸ்கொயர் மாலை இடித்த இடத்தில் 2019-ல் இன்னொரு அமேசான் கிடங்கு வந்தது. ஆக்ரன் நகரில் 1975-ல் திறந்து 2008-ல் மூடிய ரோலிங் ஏக்கர்ஸ் மாலின் இடத்தில் 2020-ல் மூன்றாவது வந்தது. மூன்று மால்களும் செத்தது அமேசான் கிடங்கு தேடி அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால். உலையில் போட்ட எஃகு மாதிரி நிலம் மறுபடி பயன்பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இடையில் அந்த ஊர்கள் பல வருட வரியை இழந்திருந்தன.

நார்த் ரேண்டால் ஏன் கிடங்கைக் கைநீட்டி வரவேற்றது என்பதற்கு முதலில் சொன்ன வரிக் கணக்குதான் விடை. ஊரின் கஜானாவுக்கு, கடையில் விற்கும் பொருளைவிட அங்கே வேலை செய்பவரின் சம்பளம் முக்கியம். ஆயிரம் பேர் ஊருக்கு இரண்டாயிரம் வேலை என்றால், முத்திரையில் எதைப் பொறித்தாலும் பரவாயில்லை. ஆனால் மாலில் 200 முதலாளிகள் இருந்தார்கள், ஒருவர் போனால் இன்னொருவரைத் தேடலாம். இப்போது இருப்பது ஒரே முதலாளி, அதுவும் ஆட்கள் செய்யும் வேலையில் எவ்வளவை இயந்திரத்துக்கு மாற்றலாம் என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கும் முதலாளி. ஊர் நிர்வாகம் இனி கவனிக்க வேண்டிய எண் கிடங்கின் பரப்பளவோ அங்கிருந்து கிளம்பும் பெட்டிகளோ கிடையாது, ஒவ்வொரு காலாண்டும் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். சாலைக்கு அந்தப் பக்கம் திசில்டவுனில் குதிரைகள் இன்னும் ஓடுகின்றன. பந்தயப் பணம் மட்டும் கட்டுப்படியாகாமல், 2013 முதல் அங்கே சூதாட்ட இயந்திரங்களையும் வைத்துவிட்டார்கள்.